பெரிய வெள்ளியன்று ஒலித்த மணி

பல்லாவரம் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கியதும் ஞானஜோதி தன் கைப்பையைத் திறந்து பார்த்தாள். பிஸ்கட் பொட்டலம் நொறுங்காமல் இருந்தது. மூடினாள். மேம்பாலப் படியில் கால் வைப்பதற்குள் மீண்டும் திறந்து பார்த்தாள். பொட்டலத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. கைகளுக்கு ஏதேனும் வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தாம்பரத்தில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்பவள் அவள். வயது முப்பத்தாறு. பிறர் எழுதியதைப் பிழையின்றி அடித்துக் கொடுப்பதே தொழில். அப்படிப்பட்டவள், மாலை வேளைகளில் உட்கார்ந்து தானே ஒரு நாவலை எழுதி முடித்திருந்தாள். பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கான துப்பறியும் நாவல். 'காணாமற்போன பாத்திரம்' என்று பெயர் வைத்திருந்தாள். அதைப் பதிப்பாளர் தோத்தாத்ரியிடம் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. சனிக்கிழமை பிற்பகல் வீட்டுக்கு வந்தால் முடிவைச் சொல்வதாக அவர் தகவல் அனுப்பியிருந்தார்.

முடிவைச் சொல்லப்போகிறவர் அவரல்லர் என்பதும் அவளுக்குத் தெரியும். தோத்தாத்ரியிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. கையெழுத்துப் பிரதி வந்தவுடன் கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மீதியைத் தம் மகள் சுந்தரவல்லியிடம் கொடுப்பார். அவள் பதினாறு வயதுப் பெண். படித்து முடித்துவிட்டு, குற்றவாளி இன்னார் என்று அவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் நாவல் எழுதியவரிடமே திரும்பிப் போகும். அவள் ஏமாந்து, பிறகு கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு 'அட!' என்றால் அச்சுக்குப் போகும். இந்த ஏற்பாட்டைக் கேட்டுச் சிரிக்காத எழுத்தாளர் இல்லை. அதற்குக் கட்டுப்படாத எழுத்தாளரும் இல்லை.

ஞானஜோதி புகழுக்காக எழுதவில்லை. அவள் எழுதியது தன் தந்தைக்காக.

அவள் தந்தை லாசரஸ், தாம்பரத்தில் அவர்களுடைய புராட்டஸ்டன்ட் சபையின் ஆலயத்தில் நெடுங்காலம் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, கதவுகளைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவருடைய ஊழியம். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் திராட்சை ரசம் வழங்கும் வெள்ளியாலான நற்கருணைப் பாத்திரம் காணாமற்போயிற்று. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. சபைக் கமிட்டியார் அவரிடமிருந்து சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் மணி அடித்தார். பாத்திரம் கிடைக்கவே இல்லை. சொல்லப்படாத ஒரு குற்றச்சாட்டை ஒருவர் எப்படி மறுக்க முடியும்? லாசரஸ் மறுக்கவில்லை. வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்த அநியாயத்தைத்தான் அவள் தன் நாவலில் சரிசெய்ய முயன்றிருந்தாள். அதில் வரும் கோயில்பிள்ளையின் பெயர் சவுரிமுத்து. அவர் சொல்லும் சாட்சியை வைத்துத்தான் கதையின் மூன்று பிள்ளைகளும் உண்மைத் திருடனான கோயில் பொருளாளரைப் பிடிக்கிறார்கள். ஆனால் சபையார் படித்தால் தங்களைத்தான் எழுதிவிட்டாள் என்று சண்டைக்கு வருவார்களே என்ற அச்சம் அவளுக்கு இருந்தது. ஆகவே தங்கள் ஆலயத்தைக் கத்தோலிக்கரின் மாதா கோயிலாக மாற்றினாள். போதகரைச் சாமியாராக்கினாள். அவ்வளவு மாற்றினால் போதும், ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்று நிம்மதியடைந்தாள்.

தந்தைக்குப் பார்வை மங்கிவிட்டதால் ஒவ்வொரு நாள் மாலையும் ஜெபத்துக்குப் பின் அவளே வாசித்துக் காட்டினாள். எட்டு அத்தியாயங்களை அவர் ஆவலோடு கேட்டார். ஒன்பதாவது அத்தியாயத்தில் சவுரிமுத்து சாட்சி சொல்கிறார். இங்கே அப்பாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தபடி அவள் வாசித்தாள். அவர் குறுக்கே கேட்டார்.

"எந்தக் கோயில்னு சொன்னே?"

"மாதா கோயில்ப்பா."

"பெரிய வெள்ளியா?"

"ஆமாம்ப்பா."

"சரி. போதும். தலை வலிக்குது."

அன்றிலிருந்து அவருக்குத் தினமும் தலை வலித்தது. மிச்சக் கதையைக் கேட்கவே இல்லை. அவள் சோற்றைப் பரிமாறி வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் சாப்பிட வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். தாமாக ஒன்றும் சொல்லவில்லை. பழைய புண்ணைக் கிளறிவிட்டோமோ, அல்லது கதைதான் சலித்துப்போயிற்றோ என்று அவள் மாறி மாறி எண்ணி மருகினாள். அச்சான புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அந்தப் புத்தகம் வருமா வராதா என்பது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வாயில் இருந்தது.

தோத்தாத்ரியின் வீடு பல்லாவரத்து மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்தது. அவர் கூடத்தில் அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. ஃபேனுக்கு நேரா உட்காருங்கோ. ஜட்ஜ் மாங்கா நறுக்கிண்டிருக்கா. இப்ப வந்துடுவா."

ஞானஜோதி நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். எதிரே மேசைமேல் அவளுடைய கையெழுத்துப் பிரதி இருந்தது. பூட்டி வைத்திருக்க வேண்டிய கடைசி அத்தியாயம் அதன் மேலேயே கிடந்தது. ஆக, பெண் பெயரைச் சொல்லியாயிற்று, முடிவையும் படித்தாயிற்று. சரியாகச் சொன்னாளா, ஏமாந்தாளா? தோத்தாத்ரியின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிழை திருத்தும் முகம் அது. எதையும் வெளியே விடாது.

சுந்தரவல்லி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்த் தட்டோடு வந்தாள்.

"நமஸ்காரம், டீச்சர்."

தான் டீச்சர் அல்ல என்று சொல்ல ஞானஜோதி வாயெடுத்தாள். சட்டைக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அது முக்கியமாகப் படவில்லை.

"முதல்ல நல்லதைச் சொல்லுடீ," என்றார் தோத்தாத்ரி. "எழுதினவா உயிரைக் கையில பிடிச்சிண்டு உட்கார்ந்திருக்கா."

"நல்லது நிறைய இருக்கே. அந்தத் தங்கைப் பொண்ணு மணிக்கூண்டுக்குள்ள மாட்டிக்கறாளே, அதைப் படிக்கறச்சே கையில சாதத்தை வெச்சிண்டு அப்படியே இருந்தேன். அம்மா திட்டினா. அப்புறம் அந்த மூணு பேரும் சண்டை போட்டுக்கறது நெஜமா இருக்கு. அப்பா போடற மத்தப் புஸ்தகத்துலயெல்லாம் பசங்க ஸ்கூல் பிரேயர்ல நிக்கற மாதிரியே பேசுவா."

"என் புஸ்தகத்தையே ஏசறா பாருங்கோ."

"ஆனா முடிவு தப்பு, டீச்சர். நீங்க தப்பான ஆளைப் பிடிச்சுக் குடுத்துட்டேள்."

ஞானஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. தோத்தாத்ரி சிரித்தார்.

"இவ சொன்ன ஆள் வேற, நீங்க எழுதின ஆள் வேற. தோத்துட்டா. ஆனா தோத்தேன்னு ஒத்துக்க மாட்டேங்கறா."

"நான் ஒண்ணும் தோக்கலை. கதையில வர அந்தப் பசங்கதான் ஏமாந்துட்டா. பாத்திரத்தை எடுத்தது கோயில்பிள்ளை. அந்தச் சவுரிமுத்து."

ஞானஜோதியின் காதில் ஃபேனின் இரைச்சல் திடீரென்று பெரிதாயிற்று.

"சவுரிமுத்துவா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய், அம்மா?"

"நீங்களே சாட்சியைக் குடுத்துட்டு என்னைக் கேக்கறேளே! ஒன்பதாவது அத்தியாயத்துல அவன் என்ன சொல்றான்? 'பெரிய வெள்ளி மத்தியானம் நான் கோயில் மணியை அடிச்சிட்டிருந்தேன், அப்பத்தான் பொருளாளர் பின்வாசல் வழியா போனதைப் பார்த்தேன்'னு சொல்றானோல்லியோ? மணியே அடிக்காத அன்னிக்கு அவன் எப்படி அடிச்சான்?"

"மணி... அடிக்காதா?"

"எங்காத்துக்குப் பின்னாடிதானே மாதா கோயில்! தினம் மூணு வேளையும் மணி அடிக்கும். மத்தியான மணியைக் கேட்டுத்தான் அம்மா சாதத்தை இறக்குவா. பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில அடிச்சு நிறுத்தினா, அப்புறம் சனிக்கிழமை ராத்திரிப் பூசையிலதான். அதுவரைக்கும் மரக்கட்டையைத் தட்டுவா. துக்கமாம். என் கிளாஸ் மெட்டில்டா சொன்னா. போன மாசம் அந்த வெள்ளிக்கிழமை எங்காத்துல சாதம் கூழாப் போச்சு. அப்பா கரண்டியால எடுத்துக் குடிச்சார்."

"அதை ஏன்டீ ஊரெல்லாம் சொல்றே," என்ற தோத்தாத்ரி ஞானஜோதியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் கூட கவனிக்கலை. பிரமாதமான தடயம். படிக்கறவா கண்ணுக்கு முன்னாலேயே போட்டு வெச்சிருக்கேள். ஆனா கடைசி அத்தியாயத்துல அதை எடுத்துக் கோக்காம விட்டுட்டேளே? மறந்துபோச்சா?"

தாம்பரத்தில் ஞானஜோதியின் ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று மணி அடிக்கும். நண்பகல் ஆராதனைக்கு ஊரெல்லாம் கேட்க அடிக்கும். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து, அந்தக் கயிற்றைத் தன் தந்தை இழுக்கக் கண்டவள் அவள். பெரிய வெள்ளியன்று உலகத்து ஆலயங்களெல்லாம் அப்படித்தான் மணி அடிக்கும் என்று எண்ணியிருந்தாள். எண்ணியிருந்தாள் என்று சொல்வதுகூடத் தவறு. அதைப் பற்றி அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆனால் அப்பாவுக்குத் தெரியும்.

அப்பா ஊழியத்தில் இருந்த காலத்தில், தாம்பரத்து மாதா கோயிலில் மணி அடிக்கும் பெரியவர் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் தங்கள் ஆலயத்தின் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். மணி ஓயும்வரை நின்றுவிட்டு, "உங்க மணியாவது பேசுதே, லாசரஸ்," என்று சொல்லிப் போவார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை. அப்பா கேட்டறியத் தேவையில்லாதவர்.

எந்தக் கோயில்னு சொன்னே? பெரிய வெள்ளியா?

அவள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு நல்லவரின் சாட்சியை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கோயில்பிள்ளையின் பொய்யை. பெற்ற மகளே எழுதி, தன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வாசிக்கும் பொய். இந்தப் பெண் ஒரு வரியில் கண்டுபிடித்ததை அவரும் அந்த ஒரு வரியில் கண்டுபிடித்திருப்பார். என் மகளும் என்னைத்தான் சந்தேகிக்கிறாள் என்று அவர் முடிவு கட்டியிருப்பார். காரணம் தலைவலி இல்லை, இதுதான்.

"கடைசி அத்தியாயத்தை மட்டும் மாத்திக் குடுங்கோ," என்று தோத்தாத்ரி சொல்லிக்கொண்டிருந்தார். "சவுரிமுத்துதான் திருடன். பசங்க முதல்ல ஏமாந்து, அப்புறம் மணி விஷயம் தெரிஞ்சு, அவனைப் பிடிக்கறா. உடனே அச்சுக்குக் குடுத்துடறேன்."

"அது தடயம் இல்லை, சார். தெரியாமல் நேர்ந்த பிழை."

"பிழையா!" என்றாள் சுந்தரவல்லி. கையில் எடுத்த மாங்காய்த் துண்டு வாய்க்குப் போகவில்லை.

"தெரிஞ்சு செஞ்சேளா தெரியாம செஞ்சேளாங்கறதை வாசிக்கறவன் வந்து கேக்கப் போறானா?" என்றார் தோத்தாத்ரி. "தானா வந்த அதிர்ஷ்டம். வேண்டாம்னு தள்ளாதீங்கோ."

"சவுரிமுத்து திருட மாட்டார், சார்."

"ஏன் மாட்டான்? நீங்க எழுதினா திருடறான்."

"அவரை எனக்குத் தெரியும்."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு கணம் பார்த்தார். "அப்போ இதை இப்படியே போட முடியாது. இந்தத் தெருவே வந்து என்னைக் கேக்கும். திருத்தி எழுதிக் கொண்டாங்கோ, பார்க்கலாம். வாக்கு மட்டும் குடுக்க மாட்டேன்."

"எனக்குத்தான் முதல்ல தரணும், டீச்சர்," என்ற பெண்ணின் குரல், பிரதியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஞானஜோதியோடு வாசல்வரை வந்தது.

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டிச் சானடோரியத்துக்கு முன்னால் சிக்னலுக்காக நின்றது. ஞானஜோதி ஜன்னலோரம் அமர்ந்து, அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அடித்து அடித்து அழித்தாள். 'அப்பா, எனக்குத் தெரியாது' என்று தொடங்கினால் எதைத் தெரியாது என்பார். 'நீங்கள் நினைப்பது தவறு' என்றால், நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கெப்படித் தெரியும் என்பார். அவர் ஒன்றுமே நினைக்காமல், உண்மையிலேயே தலைவலியோடு இருந்திருந்தால், இல்லாத எண்ணத்தை அவர் மனத்தில் அவளே போட்டவளாவாள். ரயில் நகர்ந்தபோது அவளிடம் ஒரு வாக்கியமும் மிஞ்சவில்லை.

வீட்டுக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. அப்பா தனியாக வெளியே போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஐயாவத் தேடுறியா? கோயிலாண்ட போனாரும்மா, கோலை ஊனிக்கினு. கண்ணு தெரியாத மனுசன், ரோட்டுல லாரி வந்துகினு கீது, எங்க போறீங்கன்னேன். 'சும்மா'ன்னாரு. இன்னா, ஊட்ல எதுனா பேஜாரா?"

ஞானஜோதி நடந்தாள், பிறகு ஓடினாள். சாவிக்கொத்தைக் கொடுத்த நாள்முதல் அந்தப் பக்கம் திரும்பாத மனிதர். நெடுஞ்சாலையில் ஹார்ன் ஒலித்த ஒவ்வொரு முறையும் அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அவர் ஆலயத்தின் உள்ளே இல்லை. கேட்டுக்கு வெளியே, மாதா கோயில் பெரியவர் வந்து நிற்கும் அதே இடத்தில், மதிலில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். அவளுடைய காலடியோசையைக் கேட்டுத் திரும்பினார்.

"புத்தகமா வரப்போவுதா?"

"இல்லப்பா."

அவர் மூச்சை விட்டார். அது நிம்மதி என்பது அவளுக்குத் தெரிந்தது. ரயிலில் கோக்காத வாக்கியம் தானாக வந்தது.

"அப்பா, மாதா கோயில்ல பெரிய வெள்ளியன்னைக்கு மணி அடிக்க மாட்டாங்களாமே?"

லாசரஸ் மதிலிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

"இன்னைக்குத்தான். பதிப்பாளர் பொண்ணு சொன்னா. கோயில்பிள்ளை பொய் சொல்றான், அவன்தான் திருடன்னு சொன்னா. அப்பத்தான் எனக்கு..."

"நீ தெரிஞ்சுதான் எழுதினேன்னு நான் நினைச்சேன்."

"அப்பா!"

"கோயில்பிள்ளை வாயில ஒரு பொய்யை வச்சு, அதை என் காதுல போட்டு, இந்த மனுசன் என்ன சொல்றார்னு பார்க்கிறேன்னு நினைச்சேன். பத்து வருசமா நீ ஒரு தரமாவது என்கிட்ட கேட்டியா, எடுத்தீங்களான்னு? கேக்கலை. கேக்காம இருக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்மா. அதுல எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்க வேண்டிய அவசியமே இல்லைன்னுதான் கேக்கலை."

"அதை வாயால சொல்லியிருக்கலாமே."

"கதையில சொல்லிட்டேன்னு நினைச்சேன்ப்பா."

"கதையிலதான் கோயிலையே மாத்திட்டியே. ஏன் மாத்தினே?"

"கமிட்டியார் படிச்சா கோபப்படுவாங்கன்னு..."

"படட்டும். சாவியை வாங்கியாச்சு. இனிமே நம்மகிட்ட வாங்குறதுக்கு என்ன இருக்கு?"

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை ஊருக்கு அறிவிக்கும் சனிக்கிழமை மாலை மணி உள்ளே அடிக்கத் தொடங்கியது. லாசரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுளித்தது.

"யாரு இவன்? கிணத்துல தண்ணி இழுக்கிற மாதிரி இழுக்கிறான்."

அழுகைக்கிடையே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பையைத் திறந்தாள். பதிப்பாளர் வீட்டில் கொடுக்க மறந்த பிஸ்கட் பொட்டலம் கையில் பட்டது. அதைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து, தெருவில் நின்று தின்பது சரியா என்று யோசிப்பவர்போலத் தயங்கி, பிறகு தின்றார்.

"நம்ம கோயில்னே எழுது," என்றார். "போதகர்னே எழுது. எங்க மணி பெரிய வெள்ளியன்னைக்கு அடிக்கும்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லு."

"அப்படி எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ப்பா. அவர் போடுவாரோ மாட்டாரோ, அதுவும் நிச்சயமில்லை."

"போடாட்டிப் போகட்டும்."

அவளுக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. கமிட்டியார் ஒவ்வொருவரின் முகமும் அந்தக் கேட்டின் வழியே வெளியே வருவதுபோல் தோன்றியது. பொருளாளரை எழுதியிருக்கிறாளே, எங்கள் பொருளாளரையா என்று கேட்பார்கள். பிரதியை மாரோடு அணைத்துக்கொண்டு அவர் முழங்கையைப் பற்றினாள். இருவரும் சாலையின் ஓரமாக நடந்தார்கள். சற்றுத் தூரம் போனதும் லாசரஸ் நின்றார்.

"அப்போ, உன் கதையில பாத்திரத்தை யாருதான் எடுத்தது?"

சொல்லிவிட அவள் வாய் திறந்தாள். தோத்தாத்ரியின் அலமாரிப் பூட்டு நினைவுக்கு வந்தது.

"நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?"

"ஒன்பதாவதை இன்னொரு தரம் வாசி," என்றார் அவர். "இந்தத் தடவை நம்ம கோயிலை வச்சு வாசி. அப்புறம் சொல்றேன்."